வாய்ப்பேச்சா, ஒப்பந்தமா, ஒரு பக்கத் தாளா? மாணவத் தொண்டர்களை அழைக்கும் ஊர் அமைப்புகளுக்கு

சாவடித் திண்ணையில் 17 பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். வியாழக்கிழமை, மணி ஐந்தே கால். வாய்ப்பாட்டுப் புத்தகத்தைச் சுருட்டி மைக் மாதிரிப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் பாடினார்கள். மற்றவர்கள் பேருந்து வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அந்த அக்காமாரு இன்னைக்கும் வரமாட்டாவளோ, சார்?" என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டாள். நான் போன் போட்டேன். "சார், இன்டர்னல் எக்ஸாம் ஆரம்பிச்சிட்டுல்லா. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சோம்" என்றார் மாணவர் தலைவி.

அந்தப் பெண் சொன்னதில் தவறில்லை. எனக்குத் தெரிந்திருக்கத்தான் வேண்டும். ஒரு கல்லூரியில் 11 ஆண்டுகள் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராக இருந்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு, சேர்மாதேவிக்குப் பக்கத்தில் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் இருக்கும் எங்கள் ஊரில் மாலைப் படிப்பகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். மாணவர்களைப் பேருந்தில் ஏற்றி அனுப்பிய காலத்தில், வேலை அத்தோடு முடிந்தது என்று நினைத்திருக்கிறேன். எத்தனை ஊர்த் திண்ணைகளில் என் மாணவர்களுக்காகப் பிள்ளைகள் இப்படிக் காத்திருந்தார்களோ என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

வரும் ஜூனில் மறுபடியும் மாணவர்களை அழைக்கப் போகிறோம். எந்த முறையில் பேசி முடிப்பது என்பதில் எங்கள் குழுவுக்குள் மூன்று கருத்து. வாய்ப்பேச்சே போதும் என்பவர்கள் உண்டு. கல்லூரியோடு முறையான புரிந்துணர்வு ஒப்பந்தம் வேண்டும் என்பவர்கள் உண்டு. வருகிற மாணவர்களும் நாங்களும் உட்கார்ந்து ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டால் போதும் என்பது என் கட்சி. முதியோர் இல்லம், குளத்தைக் காக்கும் குழு, பார்வையற்றோர் சங்கம் என்று நெல்லைப் பக்கத்தில் மாணவர்களை எதிர்பார்க்கும் எல்லோருக்கும் இதே கேள்வி இருக்கிறது. அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் மாணவர் பக்கத்துக் கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். 1969 செப்டம்பர் 24இல், காந்தி நூற்றாண்டில், 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது நாட்டு நலப்பணித் திட்டம். இரண்டு ஆண்டில் 240 மணி நேரத் தொண்டும், ஏழு நாள் சிறப்பு முகாமும் முடித்தால்தான் சான்றிதழ். ஆண்டுக்கு 120 மணி நேரம். அதில் அறிமுகப் பயிற்சிக்கு 20, கல்லூரி வளாகப் பணிக்கு 30 போக, ஊருக்கென்று கிடைப்பது 70 மணி நேரம். பாளையங்கோட்டையிலிருந்து எங்கள் ஊருக்கு வந்து போக ஒன்றரை மணி நேரம், சொல்லிக்கொடுப்பது ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பயணத்தையும் சேர்த்துக் கணக்கெழுதினால் ஒரு மாணவர் ஓர் ஆண்டில் 23 மாலை வருவார். சேர்க்காவிட்டால் 46 மாலை வர வேண்டும். இரண்டுக்கும் இடையில் பாதிக்குப் பாதி வித்தியாசம். பயணம் கணக்கில் சேருமா என்பதைக் கல்லூரிக்குக் கல்லூரி ஒவ்வொரு விதமாகப் பார்க்கிறார்கள். எங்கள் படிப்பகத்தில் இதை யாரும் கேட்டதே இல்லை. வாரம் மூன்று நாள், வருஷம் முழுக்க வருவார்கள் என்று நாங்களாகவே மனதில் போட்டுக்கொண்டோம்.

ஊர்ப் பக்கத்துக் கணக்கு வேறு. கல்லூரிக்கு ஜூன் முதல் நவம்பர் வரை ஒரு பருவம், டிசம்பர் முதல் ஏப்ரல் வரை இன்னொன்று. ஊருக்குக் கார், பிசானம் என்று நெல்லின் பருவங்கள். நடவும் அறுப்பும் நடக்கிற நாளில் பெரிய பிள்ளைகள் தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கும். கோவில் கொடை நடக்கிற வாரம் வில்லுப்பாட்டுச் சத்தத்தில் படிப்பகம் நடத்த முடியாது. பங்குனி உத்திரத்துக்கு ஊரே அவரவர் சாஸ்தா கோவிலுக்குக் கிளம்பிவிடும். குளத்தில் வண்டல் எடுக்கத் தோதான மே மாதத்தில் மாணவர்கள் விடுமுறையில் சொந்த ஊருக்குப் போயிருப்பார்கள். இந்த இரண்டு நாட்காட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காததால்தான் அந்த வியாழக்கிழமை வந்தது. யாருக்கும் அக்கறை இல்லாமல் போகவில்லை.

இனி முறைகளுக்கு வருகிறேன்.

வாய்ப்பேச்சை நான் குறைவாக மதிப்பவன் இல்லை. நம் பக்கத்துக் குளங்களும் கால்வாய்களும் பல தலைமுறை குடிமராமத்தில், வாய்ச்சொல்லில்தான் நின்றன. நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளத்தில் பறவைகள் பயந்துவிடும் என்று தீபாவளிக்குக்கூட ஊரார் வெடி போடுவதில்லை. யாரும் எழுதிக் கையெழுத்து வாங்கி வந்த வழக்கம் இல்லை அது. ஆனால் அங்கே வாக்கைக் கொடுத்தவரும் வாங்கியவரும் அதே ஊரில், அடுத்த வருஷமும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க வேண்டியவர்கள். மாணவர் இரண்டு வருஷத்தில் போய்விடுவார். திட்ட அலுவலரும் மாறுவார். போன வருஷம் வாங்கிய வாக்கு அவர்களோடு பேருந்து ஏறிவிடுகிறது. புதிதாக வந்தவரிடம் "போன தடவை வந்த பிள்ளைய சொன்னாவளே" என்று ஊர்க்காரர் சொன்னால், அவருக்கு ஒன்றும் விளங்காது.

ஒருநாள் வேலைக்கு மட்டும் வாய்ப்பேச்சு போதும் என்பேன். 2023 டிசம்பர் 17, 18இல் தாமிரபரணி பெருகியபோது யாரும் தாள் எழுதிக்கொண்டிருக்கவில்லை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய அந்த நாட்களில், ஒரு போனில் மாணவர்கள் வந்து நின்றார்கள். அப்போதும் என்ன வேண்டும் என்று கேட்டு வந்தவர்கள் பிளீச்சிங் பவுடரும் நாப்கினும் கொண்டுவந்தார்கள். கேட்காமல் வந்த வண்டியில் பழைய துணி இருந்தது. அதைப் பிரித்து அடுக்கவே எங்கள் பெண்களுக்கு ஒரு பகல் போனது.

ஒருநாள் வேலை என்றாலும் மூன்று விஷயத்தையாவது முன்கூட்டிப் பேசிவிட வேண்டும் என்பதைப் பாபநாசத்தில் கற்றேன். பரிகாரம் செய்கிறவர்கள் ஆற்றில் விட்டுவிட்டுப் போகும் துணியை எடுக்கிற வேலை. வெளியிலிருந்து பார்த்தால் எளிது. இறங்கினால்தான் தெரியும். சேலை ஒரு முனையில் பாறை இடுக்கில் சிக்கியிருக்கும். நடுவில் மணல் ஏறிக் கல்லாகக் கனக்கும். இழுத்தால் இன்னொரு வேட்டியும் துண்டும் சேர்ந்து, பாசியோடு முறுக்கிக்கொண்டு வரும். நாலு பேர் வரிசையாக நின்று கயிறு இழுப்பது போல இழுத்துத்தான் கரைக்குக் கொண்டுவர வேண்டும். அன்றைக்குக் கையுறையை அமைப்பு கொண்டுவரும் என்று நாங்கள் நினைத்தோம், கல்லூரி கொண்டுவரும் என்று அவர்கள் நினைத்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கிய மாணவன் ஒருவன் பாதத்தில் உடைந்த பாட்டில் ஏறிவிட்டது. ஆட்டோவுக்கும் டி.டி. ஊசிக்கும் யார் காசு கொடுப்பது, அவன் வீட்டுக்கு யார் போன் செய்வது என்று கரையில் நின்றே யோசித்தோம். நான்தான் அப்போது பொறுப்பு அலுவலர். ஆகவே கையுறையும் செருப்பும் யார் பொறுப்பு, அடிபட்டால் யார் கூட்டிப்போவது, எத்தனை மணிக்கு ஆற்றைவிட்டு ஏறுவது ஆகிய மூன்றையும் முந்தின நாளே வாட்ஸ்அப்பில் எழுதி, இரு பக்கமும் 'சரி' என்று பதில் போட்டுவிட வேண்டும். அதற்கு மேல் ஒருநாள் வேலைக்குத் தேவையில்லை.

அடுத்தது புரிந்துணர்வு ஒப்பந்தம். கல்லூரிகளுக்கு இதில் விருப்பம் அதிகம். கல்லூரிகளை மதிப்பிடும் நாக் (NAAC) அமைப்பின் தர மதிப்பீட்டின்போது விரிவாக்கப் பணிகளையும் இத்தகைய ஒப்பந்தங்களையும் ஆவணமாகக் கேட்கிறார்கள் என்பதால் அந்த விருப்பம் நியாயமானதுதான். அமைப்புக்கும் இதனால் பலன் உண்டு. முதல்வரின் கையெழுத்து இருந்தால் அலுவலர் மாறினாலும் உறவு அறுந்துபோகாது. மூன்று, ஐந்து ஆண்டுக்கு நிற்கும். பணம், கட்டட உபயோகம், காப்பீடு, பிள்ளைகளின் பாதுகாப்பு போன்ற பெரிய பொறுப்புகளை எழுத வேறு இடம் இல்லை.

அதன் குறை, அது யாருக்கும் யாருக்கும் இடையில் எழுதப்படுகிறது என்பதில் இருக்கிறது. எங்கள் படிப்பகத்திடமும் ஒரு கல்லூரியோடு போட்ட நான்கு பக்க ஒப்பந்தம் இருந்தது. "இரு தரப்பும் பரஸ்பரம் ஒத்துழைக்கும்" என்ற வரி மூன்று இடத்தில் வருகிறது. சாக்பீஸ் யார் வாங்குவது, வர முடியாத நாளில் யார் யாருக்குச் சொல்வது என்பது ஓரிடத்திலும் இல்லை. திண்ணைக்கு வந்த மாணவிகளில் ஒருவர்கூட அந்த ஒப்பந்தத்தைப் பார்த்ததில்லை. எங்கள் பக்கத்திலும் செயலாளரைத் தவிர யாரும் படிக்கவில்லை. இருந்ததெல்லாம் கல்லூரி அலமாரியில் ஒரு பிரதி, எங்கள் பீரோவில் ஒரு பிரதி. இன்டர்னல் தேர்வுத் தேதி இரண்டிலும் கிடையாது. தவிர, வரைவு எழுதி, ஆட்சிக்குழுவுக்குப் போய், கையெழுத்தாகித் திரும்பி வருவதற்குள் ஒரு பருவமே முடிந்துவிடுகிறது.

ஒரு பக்கத் தாள் என்று நான் சொல்வது மிக எளிய காரியம். மாணவர்களில் இரண்டு பேர், திட்ட அலுவலர், படிப்பகத்தில் இரண்டு பேர், பிள்ளைகளின் தாய்மாரில் ஒருவர் ஆகிய ஆறு பேரும் வேலை நடக்கப்போகிற இடத்திலேயே உட்கார வேண்டும். கல்லூரி அறையில் உட்கார்ந்தால் ஊர்க்காரர் வாயே திறக்க மாட்டார்கள். ஒருவர் தமிழில் கையால் எழுத வேண்டும். எழுதியதைச் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும். கையெழுத்து அவசியம் இல்லை, ஆனால் எல்லாருடைய போன் நம்பரும் கட்டாயம் வேண்டும்.

இதற்கு முன்னால் இரண்டு தடவையாவது மாணவர்கள் சும்மா வந்து போயிருக்க வேண்டும் என்பது என் அனுபவம். முதல் நாளே தாளை எடுத்து வைத்தால் எல்லாவற்றுக்கும் 'சரி சார், சரி சார்' என்றுதான் பதில் வரும். இரண்டு மாலை பிள்ளைகளோடு இருந்த பிறகுதான், "சார், எட்டாம் கிளாஸ் கணக்கு எங்களுக்கே வரமாட்டேங்கு, அஞ்சாம் கிளாஸ் வரைக்கும் நாங்க பாக்கோம்" என்று மனம் திறந்து சொல்வார்கள். அது தெரியாமல் எழுதுகிற தாளுக்கு மதிப்பில்லை.

போன பருவத்தில் இன்னொரு கல்லூரி மாணவ மாணவிகளோடு சோதனையாக இப்படி ஒரு தாள் எழுதினோம். முதலில் எழுந்தது விடுதிப் பிரச்சினை. மாணவிகள் விடுதியின் கேட் 6.30க்கு மூடிவிடும். எங்கள் படிப்பகம் 5 முதல் 7 வரை. வருஷக்கணக்காக ஏழு மணிக்கு முன்னால் மாணவிகள் அவசர அவசரமாகக் கிளம்புவதைப் பார்த்து, ஈடுபாடு போதாது என்று எங்கள் செயலாளர் வருத்தப்பட்டிருக்கிறார். காரணம் அன்றைக்குத்தான் வெளியே வந்தது. மாணவிகளுக்கு மட்டும் சனிக்கிழமை காலை 10 முதல் 12 வரை என்று மாற்றினோம். அடுத்தது பேருந்து. கட்டணமில்லாச் சாதாரண நகரப் பேருந்து கிடைத்தால் பெண்களுக்குச் செலவில்லை. அதைத் தவறவிட்டால் காசு கொடுத்துத்தான் வர வேண்டும், ஆண் பிள்ளைகளுக்கோ எப்போதும் செலவு. அந்தச் செலவைப் படிப்பகம் கொடுக்கும், மாதக் கடைசியில், டிக்கெட்டைக் காட்டினால் போதும் என்று எழுதினோம். பணம் பேசுவது கூச்சமாகத்தான் இருந்தது. எழுதி முடித்த பிறகு ஒரு மாணவி, "இதுக்காகத்தான் சார் ரெண்டு பேரு வராம நின்னுட்டாங்க" என்றார். கையில் காசில்லாமல் நின்றுபோன பிள்ளைகளைப் பொறுப்பில்லாதவர்கள் என்று நினைத்திருக்கிறோமே என்று எனக்கு நெஞ்சு கனத்துப் போயிற்று.

அந்தத் தாளில் இருந்த வரிகளில் நான்கைத் தருகிறேன். "வர முடியாத நாளில் பகல் 2 மணிக்குள் படிப்பக அக்காவுக்குப் போன் செய்ய வேண்டும், வாட்ஸ்அப் போதாது." "பிள்ளைகளைப் படம் எடுப்பதற்கு முன் தாயிடம் கேட்க வேண்டும்." "நிறைவேற்ற முடியாத எதையும் பிள்ளைகளிடம் சொல்லக் கூடாது: டூர், சைக்கிள், பரிசு." "கடைசி நாள் மார்ச் 28. அதற்கு முந்தைய இரண்டு வாரமும் பிள்ளைகளிடம் அதைச் சொல்லிக்கொண்டே வர வேண்டும்."

மற்ற மூன்றையும் யோசித்தால் எவரும் எழுதிவிடுவார்கள். கடைசி வரிதான் எனக்கு மிக முக்கியம். எந்த ஒப்பந்தத்திலும் தொடங்கும் நாள் இருக்கும், வரும் பிள்ளைகளிடம் விடைபெறும் நாள் இருக்காது. பிரியமாகப் பழகிய அக்கா ஒருநாள் திடீரென்று வராமல் போனால், அதைத் தன் குற்றம் என்று நினைக்கிற குழந்தைகள் உண்டு. மூன்றாம் வகுப்புப் பிள்ளை அந்த வியாழக்கிழமை என்னிடம் கேட்ட அடுத்த கேள்வி, "நாங்க சத்தம் போட்டதுனாலயா சார்?" என்பது.

படம் எடுப்பது பற்றி ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். குழந்தைகள் இல்லத்தில் வளரும் பிள்ளைகளின் அடையாளம் தெரியும்படி ஊடகத்தில் வெளியிடுவதை 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடை செய்கிறது. அங்கே போகும் மாணவர்களுக்கு இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

மாணவர் எதிர்பார்ப்பதையும் அதே தாளில் எழுத வேண்டும். பெரும்பாலான அமைப்புகள் இதை விட்டுவிடுகின்றன. எங்களிடம் கேட்டது மூன்று: வருகைப் பதிவில் அன்றன்றைக்கே கையெழுத்து, குடிக்கத் தண்ணீரும் பெண்களுக்குக் கழிப்பறையும், மாதம் ஒருமுறை தாங்கள் சொல்லிக்கொடுப்பது சரியாக இருக்கிறதா என்று யாராவது அருகில் இருந்து பார்த்துச் சொல்வது. மூன்றாவதைக் கேட்டபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. கற்றுக்கொள்ள விரும்பித்தான் வருகிறார்கள்.

இந்த முறையிலும் செலவு உண்டு. ஒவ்வொரு பருவமும் புதிதாக எழுத வேண்டும். இரண்டு மணி நேரமாவது ஆகும். "நம்ம பிள்ளைகள்ட்ட எழுதி வாங்கணுமாக்கும்?" என்று கோபித்துக்கொள்ளும் பெரியவர்களும் இருப்பார்கள். எங்கள் தெரு ஆச்சி ஒருத்தியும் அப்படித்தான் கோபித்தாள். தாளைப் படித்துக் காட்டியபோது, "நாங்க என்ன செய்யணும்னும் எழுதியிருக்கே, அப்பம் சரிதான்" என்றாள். ஊருக்கும் கடமை எழுதியிருந்ததால்தான் அவளுக்கு அது மரியாதைக் குறைவாகப் படவில்லை.

முதியோர் இல்லங்களில் இந்த உட்காருதல் இன்னும் அவசியம். நான் பார்த்த ஓர் இல்லத்தில் ஒரே மாதத்தில் மூன்று குழுக்கள் கேக் வெட்டின. அங்கே இருப்பவர்களில் பாதிப் பேருக்குச் சர்க்கரை. என்ன வேண்டும் என்று கேட்டதற்கு ஒரு தாத்தா, பேப்பர் வாசித்துக் காட்ட ஆள் வேண்டும் என்றார். இன்னொருவர் தன் மகனுக்குக் கடிதம் எழுதித் தரச் சொன்னார். நிர்வாகியிடம் மட்டும் பேசியிருந்தால் இரண்டும் தெரியவந்திருக்காது.

பார்வையற்ற மாணவர்களுக்குத் தேர்வெழுதிக் கொடுக்கும் பணிக்கு ஒரு பக்கத் தாளில் கூடுதல் கறார் வேண்டும். பார்வையற்றோர் கல்விக்கு நெடுங்கால வரலாறு உள்ள பாளையங்கோட்டையில் இதற்கு எப்போதும் ஆள் தேவைப்படுகிறது. படிப்பகத்துக்கு ஒருநாள் வராவிட்டால் பிள்ளைகள் விளையாடிவிட்டுப் போகும், தேர்வுக்கு வராவிட்டால் ஒருவருக்கு ஒரு பருவமே போய்விடும். ஆகவே ஒவ்வொரு தேர்வுக்கும் மாற்று ஆளின் பெயரும் தாளில் இருக்க வேண்டும். மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் உண்டு என்பதால் மூன்று மணித் தேர்வு நான்கு மணி நேரம் நடக்கும். அதைத் தெரியாமல் பிற்பகல் வகுப்புக்குப் போகலாம் என்று வந்த மாணவர்களை எனக்குத் தெரியும். எழுதுபவரின் படிப்பு, தேர்வெழுதுபவரின் படிப்பைவிட ஒரு படி குறைவாக இருக்க வேண்டும் என்ற விதியும் சில தேர்வுகளில் இருக்கிறது. அனுப்புவதற்கு முன் கல்லூரி இதைச் சரிபார்க்க வேண்டும்.

மாணவர்களிடம் கேட்கவே கூடாத வேலையும் உண்டு என்பதை எங்கள் குழுவில் சொல்ல எனக்குக் கொஞ்சம் காலம் பிடித்தது. அன்றாட மாலைப் படிப்பு அப்படிப்பட்டது. 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் அதே பகுதியில் இருக்கும் படித்தவர்களைத் தன்னார்வலராக எடுத்து, மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்தார்கள். எங்கள் தெருவிலும் ஒரு மதினி நடத்தினார். மழை பெய்தாலும் வகுப்பு நடந்தது, ஏனென்றால் அவர் வீடு நாலாவது வீடு. இருபது கிலோமீட்டர் தள்ளி விடுதியில் இருக்கும் பெண்ணிடம் அந்த ஒழுங்கை எதிர்பார்ப்பது அநியாயம்.

ஆகவே வரும் ஜூனுக்கு நான் குழுவின் முன் வைத்திருப்பது இது. திங்கள் முதல் வெள்ளி வரை அந்த மதினியே நடத்தட்டும், அவருக்குப் படிப்பகம் மாதாமாதம் ஒரு தொகை கொடுக்கட்டும். சனிக்கிழமை காலை மாணவர்களுக்கு: வாசிப்பு, அறிவியல் சோதனை, குளக்கரையில் பறவை பார்ப்பது என்று அவர்கள் கொண்டுவரக்கூடியதெல்லாம். ஜனவரியில் தாமிரபரணிப் பகுதிக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும்போது பெரிய பிள்ளைகளையும் கூட்டிப்போகலாம். ஜூலையில் இரண்டு சனிக்கிழமை சும்மா வந்து போகட்டும். மூன்றாவது சனிக்கிழமை திண்ணையில் உட்கார்ந்து தாள் எழுதுவோம். கல்லூரி விரும்பினால் புரிந்துணர்வு ஒப்பந்தமும் போடலாம், அதில் "ஒவ்வொரு பருவமும் எழுதப்படும் ஒரு பக்கத் தாள் இதன் பகுதி" என்ற ஒரு வரி இருந்தால் எனக்குப் போதும்.

செயலாளர் இன்னும் முழுக்க ஒப்புக்கொள்ளவில்லை. முத்திரைத்தாளில் இருந்தால்தான் கல்லூரி மதிக்கும் என்கிறார். அவர் பயத்திலும் நியாயம் இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்குப் போன பருவத்துத் தாளை எடுத்துப்போகிறேன். அதன் அடியில், மார்ச் 28 அன்று பிள்ளைகள் அவரவர் பெயரைத் தாங்களே எழுதியிருக்கிறார்கள். பதினேழு பேரும் அன்றைக்கு வந்திருந்தார்கள்.